மகள் குற்றவியல் படிக்கட்டுமே!

வரதய்யபாளையத்தில் நம் தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் பேச்சு வளர்ந்தது. அவர் ஸ்ரீசிட்டியில் ஒப்பந்தக் கூலி. பிளஸ் டூ முடித்த மகளுக்குக் குற்றவியல் படிக்க ஆசை. “போலீசுக்குப் போகணும்னா நேரா பரீட்சை எழுதலாமே அண்ணே, இது என்னத்துக்கு?” என்று கேட்டார்.

தமிழில் இன்ஸ்பெக்டரும் ஆய்வாளர்தான், ஆராய்ச்சி செய்பவரும் ஆய்வாளர்தான். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது! முன்னவர் ஆளைப் பிடிப்பவர். பின்னவர் கணக்குக் கேட்பவர்: யாரைப் பிடித்தீர்கள், பிடித்தபின் சரக்கு குறைந்ததா, பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

தோழர்களே, இந்தக் கணக்கு நமக்குத்தான் அவசரமாகத் தேவை. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்து தாக்கினார்கள் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். செம்மரத்தை வாங்கி விற்றுக் கொழுத்தவர் எவரும் அந்த இருபதில் இல்லை.

கஞ்சா வழக்கும் அப்படியே. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, 20 கிலோவுக்கு மேற்பட்டால் 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல், ஜாமீனும் எளிதல்ல. மூட்டையைச் சுமந்தவனுக்கும் அதன் முதலாளிக்கும் புத்தகத்தில் தண்டனை ஒன்றுதான். ஆனால் மூட்டையோடு அகப்படுபவன் யார்? லாரியில் ஏறிய கூலி! தண்டனையின் கடுமையைவிட, அது தவறாமலும் தாமதமின்றியும் கிடைப்பதே குற்றத்தைக் குறைக்கும் என்று அமெரிக்க ஆய்வாளர் மார்க் கிளைமன் வாழ்நாள் முழுதும் வாதாடினார். நம் ஊர் வழக்குகளை அந்த உரைகல்லில் உரசிப் பார்க்க நம் வீட்டுப் பிள்ளை வேண்டாமா?

சாராயத்தின் கதை நம் பக்கத்து நெல்லூர்க் கதை. 1992-இல் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1993-இல் ஆந்திரத்தில் சாராயம் ஒழிந்தது. 1995-இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997-இல் அது தளர்ந்தது. வருமானம் போயிற்று, அண்டை மாநிலச் சரக்கு எல்லை தாண்டி வந்தது என்றார்கள். எல்லையிலேயே குடியிருக்கும் நம்மிடம் யார் வந்து விசாரித்தார்கள்?

எய்ம்ஸ் 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்தது. மீதி 37 பேர் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நம் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

இத்துறையில் வேலை குறைவு, சம்பளமும் உடனே பெரிதாக வராது. அதை மறைக்கவில்லை. முதலில் ஒரு பட்டம். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்திலோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ குற்றவியல் முதுகலை படிக்கலாம் என்றேன்.

தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஃபீஸ் எவ்வளவு ஆகும்?” என்றார். சங்கத்தின் சார்பில் விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.