தங்கவயல் ஆயரின் ஆண்டுக் கணக்கு

ஆண்டு முடிந்தால் கடைக்காரர் மட்டுமல்ல, சர்ச் ஆயரும் கணக்குப் பார்க்க வேண்டும். ஞானஸ்நானம் எத்தனை, திருமணம் எத்தனை, அடக்கம் எத்தனை, புதிதாகச் சேர்ந்த குடும்பங்கள் எத்தனை, காணிக்கை எவ்வளவு என்று எழுதிச் சபையார் முன் வாசிக்க வேண்டும். மேலிடத்துக்கும் ஒரு பிரதி போகும். பெரிய நகரங்களில் இது ஒரு சடங்கு. வாசிப்பார்கள், தலையாட்டுவார்கள், டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். கோலார் தங்கவயலில் ஊழியம் செய்யும் ஆயருக்கு இது அவ்வளவு சுலபமில்லை. பிழைப்புத் தேடி இளைஞர்கள் வெளியேறும் ஊரில் முதல் இரண்டு எண்கள் சிறுத்து, மூன்றாவது பெருத்துக்கொண்டு போவதுதான் இயல்பு. அப்படிப்பட்ட கணக்கை வெற்றி என்று எழுதுவதா, தோல்வி என்று எழுதுவதா?

இந்த அறிக்கை எழுதும் வழக்கமே வளர்ச்சியைக் காட்டுவதற்காக வந்ததுதான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் 1710 முதல் அச்சேறின. கடல் கடந்து பணம் அனுப்பியவர்களுக்கு விளைச்சலைக் காட்ட வேண்டியிருந்தது. இத்தனை பேர் சேர்ந்தார்கள், இத்தனை பள்ளிகள் திறந்தோம் என்று எழுதினார்கள். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் ஆயராக அபிஷேகம் பெற்றபோது அதுவும் அறிக்கையில் பெருமைக்குரிய செய்தியாயிற்று. அன்று முதல் தமிழ்ச் சபைகளின் ஆண்டறிக்கைக்கு ஒரே ராகம்தான்: போன ஆண்டை விட இந்த ஆண்டு அதிகம்.

தங்கவயலுக்கும் ஒரு காலத்தில் இந்த ராகம் பொருந்தியது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி மைசூர் சமஸ்தானத்தின் இந்த மூலையில் கால் வைத்தது. அதன் பின் வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து கூலித் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் சேரிக்கு வெளியே செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்களுக்கு இங்கே கையில் கூலியும் தலைக்கு மேல் ஒரு தகரக் கூரையும் கிடைத்தன. கம்பெனி கட்டிய 'லைன்' வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் விளக்கு எரிந்தது.

கூடவே ஆலயங்களும் வந்தன. ஆங்கில அதிகாரிகளுக்கு ஊர்காமில் ஆங்கில வழிபாடு. தொழிலாளிகளுக்குத் தமிழ் வழிபாடு. சாம்பியன் ரீப்பில் கத்தோலிக்கரின் வெற்றி அன்னை ஆலயம். மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிகன் சபைகள், பின்னாளில் பெந்தெகொஸ்தே சபைகள். ஆலய மணிக்கு மேலான அதிகாரம் அந்த ஊரில் சுரங்கத்தின் சங்குக்கு இருந்தது. ஷிப்டு முடிந்து மேலே வருபவர்களின் நேரம் பார்த்துத்தான் ஜெபக் கூட்டம் வைக்க முடியும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஆழத்தில் வேலை செய்பவனுக்கு, கூண்டில் இறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு சாவுப் பரீட்சை. திடீரென்று பாறை வெடிக்கும், ஊரே அதிரும், பெண்கள் ஷாப்ட்டை நோக்கி ஓடுவார்கள். அந்த நாட்களில் அங்கிருந்த ஆயர்களுக்குப் பிரசங்கத்தை விடப் பெரிய வேலை, ஷாப்ட் வாசலில் அந்தப் பெண்களோடு நிற்பதுதான்.

2001 பிப்ரவரி 28 அன்று சங்கு நின்றது. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த சுரங்கம், நஷ்டக் கணக்கில் மூடப்பட்டது. 1972 முதல் அதை நடத்திய மத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ், 1990-களிலேயே நலிந்த தொழிற்சாலைகளின் பட்டியலில் ஏறிவிட்டிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் ஒரே நாளில் முன்னாள் தொழிலாளிகள் ஆனார்கள். ஆழத்தில் தண்ணீர் ஏறியது. மேலே சயனைடு கலந்து கழித்த மண், குன்று குன்றாக நிற்கிறது. காற்று வீசினால் அந்தப் பொடி லைன் வீடுகளின் சோற்றுப் பானை வரை வரும். 2018-இல் வந்த 'கே.ஜி.எப்' சினிமாவுக்குப் பிறகு நாடு முழுவதும் இந்த ஊரின் மூன்று எழுத்துகள் தெரியும். ஊர் தெரியாது.

இன்று தங்கவயலின் சங்கு, ரயிலின் ஊதல். 1894-இல் தங்கத்துக்காகப் போட்ட பங்காரப்பேட்டை - மாரிக்குப்பம் பாதையில் விடியும் முன்பே ரயில் புறப்படுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூரில் செக்யூரிட்டியாகவும், கடைச் சிப்பந்தியாகவும், ஆபீஸ் உதவியாளராகவும், கணினி முன் அமர்பவராகவும் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோர் அதில் ஏறுகிறார்கள். இரவு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். இந்தச் சபையாரை ஆயர் எப்போது சந்திப்பது? வார நாட்களில் வீடு வீடாகப் போனால் கதவைத் திறப்பவர்கள் தாத்தாவும் பாட்டியும்தான். ஞாயிற்றுக்கிழமை வரலாம். ஆனால் காவல் வேலைக்கும் கடை வேலைக்கும் ஞாயிறு விடுமுறை இல்லை.

ஆகவே திருச்சபை நாட்காட்டி இங்கே வேறு பொருளில் ஓடுகிறது. லெந்து நாட்களில் மற்ற ஊர் ஆயர்கள் எதையாவது தியாகம் செய்யச் சொல்வார்கள். இங்கே எதைச் சொல்வது? வயலே இல்லாத 'தங்கவயலில்' அறுப்பின் பண்டிகை வருகிறது. தொழிலாளிகளின் கூலியிலிருந்து வந்த படைப்புகளை ஏலம் விட்டு ஆலயச் செலவுக்குச் சேர்த்த பண்டிகை அது. இப்போது பென்ஷன் தொகையிலிருந்து ஒரு தேங்காயும் இரண்டு பூசணியும் வந்தால் அதுவே அறுவடை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்குத்தான் தங்கவயல் நிரம்புகிறது. ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மக்கள் வந்து சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அப்பனின் கல்லறையில் பூ வைத்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிக்கிறார்கள். உயிரோடு இருக்கும் சபையை விட உறங்கும் சபை பெரிது.

அந்தக் கல்லறைகளில் பலவற்றின் கதை நுரையீரலில் தொடங்கியது. கல் பொடியைச் சுவாசித்ததால் வரும் சிலிகோசிஸ் இங்கே இருப்பதை 1940-களிலேயே மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். சுரங்கம் மூடினாலும் நோய் மூடவில்லை. ஆயர் போய் நிற்கும் கட்டில்களில் இருமல்தான் முதலில் பேசும்.

இத்தகைய ஊரில் ஆயருக்கு மிகக் கடினமான இரவு டிசம்பர் 31. வருடக் கடைசி ஆராதனையில் நள்ளிரவு தாண்டியதும் புது ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் கொடுப்பது தமிழ்ச் சபைகளின் வழக்கம். வண்ண அட்டையில் அச்சடித்து வீட்டுக்கு ஒன்று தருவார்கள். ஆசீர்வாதம், பெருக்கம், உயர்வு என்று பளபளக்கும் வசனங்களுக்குத்தான் எங்கும் கிராக்கி. ஆனால் தங்கவயல் வாக்குறுதிகளாலேயே வளர்க்கப்பட்ட ஊர். சுரங்கம் மறுபடி திறக்கும் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சர்வதேச டெண்டர் வரும் என்றார்கள். 2016-இல் ஏலம் என்றார்கள். 2024-இல் 13 மண்மேடுகளிலிருந்து மீந்த தங்கத்தைப் பிரித்தெடுக்க கர்நாடக அரசு ஒப்புதல் தந்தது. ஒவ்வொரு செய்திக்கும் லைன் வீடுகளில் ஒரு கிழவர் தன் பழைய அடையாள அட்டையை எடுத்துத் துடைத்து வைத்திருப்பார். அரசியல்வாதி மேடையில் சொன்ன அதே தொனியில் ஆயரும் பீடத்திலிருந்து 'இந்த ஆண்டு உங்கள் ஆண்டு' என்று சொன்னால், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இதில்தான் ஊழியத்தின் நேர்மை சோதிக்கப்படுகிறது. செழிப்பை வாக்களிக்கும் பிரசங்கத்துக்குக் கூட்டம் வரும், காணிக்கையும் வரும். பக்கத்துத் தெருவில் ஒலிபெருக்கி வைத்து அதைச் செய்பவர்கள் இருக்கும்போது, தான் மட்டும் அடக்கிப் பேசினால் சபை கரைந்துவிடுமோ என்ற பயம் ஆயருக்கு இருக்கும். அது நியாயமான பயம். அவருடைய சம்பளமே அந்தச் சந்தாவிலும் காணிக்கையிலும்தான் இருக்கிறது. ஆனாலும் ஏமாந்து ஏமாந்து சலித்தவனிடம் மேலும் ஒரு வாக்குறுதியை விற்பது ஊழியமல்ல, வியாபாரம்.

வேதத்திலேயே இந்த ஊருக்கென்று எழுதியதைப் போல ஒரு பகுதி உண்டு: யோபுவின் 28-ஆம் அதிகாரம். சுரங்கம் தோண்டுகிறவர்களைப் பற்றியது. மனிதர் கால்படாத இடத்தில் குழி வெட்டி, இருட்டுக்கு எல்லை தேடி, கயிற்றில் தொங்கி ஊசலாடுகிறவர்களை அது வர்ணிக்கிறது. பிறகு ஒரு கேள்வியை வைக்கிறது: பூமியின் அடியில் பொன் இருக்கும் இடம் மனிதனுக்குத் தெரிகிறது, ஞானம் இருக்கும் இடம் தெரிகிறதா? தங்கவயலில் இதைப் பிரசங்கிக்க ஆயருக்கு விளக்கவுரை தேவையில்லை. முன் பெஞ்சில் இருப்பவர்கள் அந்தக் கயிற்றில் தொங்கியவர்கள். பொன் எங்கே போயிற்று என்றும் அவர்களுக்குத் தெரியும்.

ஆண்டறிக்கையின் எந்தப் பத்தியிலும் இடம் பெறாத வேலைகள்தான் இங்கே ஆயரின் நாளில் பாதியைத் தின்கின்றன. குடியிருக்கும் கம்பெனி வீடு யாருக்குச் சொந்தம் என்று கலங்கும் விதவைக்கு மனு எழுதித் தருவது, பென்ஷன் படிவத்தில் பெயர் தப்பாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிச் சான்று கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது, ஊரை விட்டுப் போன மகனுக்குப் போன் செய்து 'அம்மாவை வந்து பார்த்துவிட்டுப் போப்பா' என்று சொல்வது. பதிவேடு என்பது இங்கே வெறும் மத ஆவணமல்ல. கூலியாய் வந்த ஒரு சமூகம், தான் இந்த மண்ணில் பிறந்ததற்கும் மணந்ததற்கும் இறந்ததற்கும் வைத்திருக்கும் சாட்சி.

உதவி தேடி வருகிறவர் கிறிஸ்தவரா என்று பார்க்கவும் இந்த ஊரில் முடியாது. கௌரவத்துக்கான தேடல் இங்கே ஒரே பாதையில் போகவில்லை. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் சென்னைக்கு அடுத்து ஆழமாக வேரூன்றிய இடங்களில் ஒன்று மாரிக்குப்பம். 1914-இல் அவர் மறைந்த பின் 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. ஒரே லைனில் ஒரு வீட்டில் சிலுவையும், அடுத்த வீட்டில் புத்தரும், அதற்கடுத்த வீட்டில் அம்மனும் இருக்க, மூன்று வீட்டுக்காரர்களும் ஒரே ஷாப்ட்டில் இறங்கியவர்கள். சாவு வீட்டில் எல்லாரும் ஒரே பந்தலில்தான் உட்காருகிறார்கள்.

மேலிடங்கள் இதையெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுத்துப்போன சபைக்கு எதற்குத் தனி ஆயர், பக்கத்துச் சேகரத்தோடு இணைத்துவிடலாமே என்று கணக்குப் போடுவது எளிது. கம்பெனி போட்ட கணக்கும் அதுதான்: ஒரு டன் பாறையில் இத்தனை கிராம் கிடைக்காவிட்டால் மூடிவிடு. ஒரு சுரங்கத்தை அப்படி மூடலாம். பயன் குறைந்தது என்று சொல்லி ஊரிலிருந்து கிளம்பியவர்களின் வரிசையில் திருச்சபையும் சேர்ந்துகொண்டால், பிறகு அது எதைப் பிரசங்கிக்கும்?

தங்கவயல் ஆயரின் அறிக்கையில் ஒரு புதிய பத்தி சேர்க்கலாம். இந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கேள்விக்குக் கீழே, இந்த ஆண்டு எத்தனை பேர் துணையில்லாமல் சாகாமல் பார்த்துக்கொண்டோம் என்று ஒரு வரி. அந்த எண் பெரிதாயிருந்தால், அதை விட நல்ல அறுவடை எந்தச் சபைக்கும் இல்லை.