‘பரவாயில்லை’ என்பதற்கு ஆங்கிலம் என்ன?



வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்கு, உத்தியோக சாலையிலும் அண்டை வீட்டிலும் ஆங்கிலமே பல சமயங்களில் கைகொடுக்கிறது. மனு எழுதவும் கணக்குக் காட்டவும் பள்ளியில் கற்றது போதும். மனம் கலங்கி நிற்பவரைத் தேற்ற முற்படும்போதுதான் நா தடுமாறுகிறது.

காரணம், தமிழில் ‘பரவாயில்லை’ என்ற ஒரு சொல்லே பல வேலைகளைச் செய்கிறது. ‘பர்வா’ என்ற பாரசீகச் சொல்லோடு நம் ‘இல்லை’ சேர்ந்து பிறந்தது அது. காலை மிதித்தவர் வருந்தினாலும் பரவாயில்லை. பையனுடைய மதிப்பெண்ணும் பரவாயில்லை. காய்ச்சல் தணிந்தவரின் உடம்பும் பரவாயில்லை. ஆங்கிலமோ இவ்வேலைகளைத் தனித்தனித் தொடர்களுக்குப் பங்கிட்டிருக்கிறது.

‘நெவர் மைண்ட்’ என்பது நடந்து முடிந்த சிறு இழப்புக்கு உரியது. குவளை உடைந்ததா, பஸ் போய்விட்டதா, ‘நெவர் மைண்ட்’ எனலாம். ‘இதைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்பதே அதன் உட்பொருள். ஆகவே இழவு வீட்டிலும், வேலை இழந்தவரிடமும் அதைச் சொல்லலாகாது; அவருடைய துயரை அற்பமென்று ஒதுக்கியதாக முடியும். அங்கே ‘ஐ ஆம் சோ சாரி’ என்பதே தகும். அவ்விடத்தில் ‘சாரி’ என்பது மன்னிப்பு அன்று. ‘உங்கள் துயரம் என்னையும் வருத்துகிறது’ என்பதாகும்.

பிறர் மன்னிப்புக் கேட்கையில் ‘இட்ஸ் ஆல்ரைட்’ என்பது எவரிடமும் பொருந்தும். அழும் குழந்தையை அணைத்துத் தேற்றவும் அதுவே உதவும். ‘நோ ப்ராப்ளம்’ என்பது கேட்ட உதவிக்கு இசையும்போதும், நன்றி கூறியவருக்கு விடையாகவும் வருவது. ‘நோ வொரீஸ்’ ஆஸ்திரேலியரின் பேச்சிலிருந்து பரவியது. இவ்விரண்டும் தோழர்களுக்குள் இனிக்கும். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் இனியா. பதறுகிறவரிடம் ‘டேக் இட் ஈஸி’ என்பதிலும் கவனம் வேண்டும்; பதற்றமே அவர் குற்றம் என்று கடிந்துகொள்வது போல ஒலித்துவிடக் கூடும்.

எஞ்சியது ‘டோண்ட் வொரி’. இது இனி வரப்போவதை எண்ணி அஞ்சுகிறவருக்கு உரியது. சொல்வது எளிது, ஆயினும் அதில் ஒரு வாக்குறுதி மறைந்திருக்கிறது. ஊரில் தாயார் மருத்துவமனையில் கிடக்க, காத்திருப்போர் பட்டியலில் உள்ள டிக்கெட்டோடு ஒரு பிரயாணி ஜன்னலண்டை வந்து நிற்பதாகக் கொள்வோம். குமாஸ்தா ‘டோண்ட் வொரி’ என்று மட்டும் சொன்னால், இடம் கிடைத்துவிடும் என்றே அவர் நம்பிச் செல்வார். இறுதிப் பட்டியல் தயாராகுமுன் அந்த உறுதியை அளிக்க ஒருவராலும் இயலாது. ‘டோண்ட் வொரி, வேறு வண்டியில் இடமுண்டா என்று இப்பொழுதே பார்க்கிறேன்’ என்றால் அது மெய்யான ஆறுதல். செய்யக் கூடிய செயல் ஒன்றையும் உடன் சேர்த்தால்தான் அத்தொடருக்கு உயிர் உண்டு. செய்வதற்கு ஏதும் இல்லையெனில், ‘ஐ ஹோப் யூ கெட் எ ஸீட்’ என்று நம் விருப்பத்தைக் கூறுவதே நேர்மை.

ஆகவே வாய் திறக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வோம். நடந்து முடிந்ததா, இனி வரப்போவதா? அவருக்கு அது சிறிதா, பெரிதா? நமக்குச் சிறிதாகத் தோன்றுவது பிறர்க்கு மலையாக இருக்கலாம். இவ்விரண்டும் தெளிந்தால் தக்க தொடர் தானே வந்து சேரும்.

அடுத்த இதழில், ஒருவரிடம் உதவி கேட்கும் முறைகளைப் பற்றிப் பார்ப்போம். ஐயமுள்ள அன்பர்கள் சங்க முகவரிக்கு எழுதுக.