மழைக்குப் பின் ஒயிலைப் பாருங்கள்

மாரிமழை ஓய்ந்ததும் கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்வது நம்மவர் வழக்கம். அதே மழையில் வெள்ளத்தைக் கடந்து வந்த பிக்கப் வண்டியையோ வெளிப்புறம் கழுவியதோடு மறந்துவிடுகின்றோம். பின்னச்சின் நடுவே பூசணிக்காய் போற் பருத்திருக்கும் டிபரன்ஷலினுள்ளும் வெள்ளம் புகுந்திருக்கக்கூடும் என்பதை எண்ணுவோர் சிலரே.

வண்டி திரும்பும்போது வெளிச்சில்லு உட்சில்லிலும் கூடுதலான தூரம் ஓடவேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்திற் சுழலவிடுவது டிபரன்ஷலின் தொழில். 1926 ஆம் ஆண்டிற் பக்கார்ட் கம்பனி கார்களிற் புகுத்திய ஹைப்பொயிட் என்னும் பற்சக்கர வகையே இன்று பெரும்பாலான பிக்கப் வண்டிகளின் பின்னச்சில் உள்ளது. இதன் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் உரசுகின்றன. அப்பளுவைத் தாங்கவே கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த கியர் ஒயிலை விடுகின்றனர். அதில் நீர் கலந்தால் காப்பு குன்றும், பெயாரிங்குகள் துருப்பிடிக்கும்.

நீர் எவ்வாறு புகுகின்றது? ஓடிய வண்டியின் அச்சும் அதனுள் இருக்கும் காற்றும் சூடேறியிருக்கும். குளிர்ந்த வெள்ளத்தில் அச்சு அமிழ்ந்ததும் அக்காற்றுச் சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ நீரை உள்ளே இழுக்கும்.

ஐயம் தோன்றின், வண்டியை மட்டமான தரையில் நிறுத்தி, முதலில் ஒயில் ஊற்றும் மேல்மூடியைக் கழற்றுக. அது கழலாதெனின் கீழ்மூடியைத் தொடவேண்டாம். ஒயிலை வடித்தபின் புது ஒயில் விட வழியிராது. வடியும் ஒயிலைத் துப்புரவான பாத்திரத்தில் ஏந்திப் பகல் வெளிச்சத்தில் நோக்குக. பால் விட்ட தேநீர் போல் வெளிறியிருப்பின் நீர் கலந்துள்ளது. கறுத்துக் கருகல் நாற்றம் வீசின் மிகுந்த சூட்டினாற் கெட்டுள்ளது. கந்தக நெடி மட்டும் இருப்பின் அஞ்சவேண்டாம். புது ஒயிலுக்கும் அது இயல்பே. கீழ்மூடியிற் காந்தம் இருப்பின், அதிற் படிந்த சாம்பல்நிற மென்களி சாதாரணத் தேய்மானம். விரலில் உறுத்தும் செதிலோ பல்லின் துண்டோ காணப்படின், உடைவு தொடங்கிவிட்டது. வண்டியை மேலும் ஓட்டலாகாது.

நீர் கலந்த ஒயிலை வடித்துப் புதியதை ஊற்றிவிட்டாற் போதும் என்பார் உளர். கூரை ஒழுக்கை அடைக்காது நிலத்தைத் துடைப்பதற்கு ஒப்பானது அது. மூச்சுத்துளையைத் துப்புரவு செய்து, தேய்ந்த சீலை மாற்றுதல் வேண்டும். புது ஒயில் விட்டுச் சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் பார்த்தல் வேண்டும். அப்போதும் வெளிறியிருப்பின் மறுபடியும் மாற்றுக. நான்கு சில்லும் இழுக்கும் வண்டியாயின் முன்னச்சையும் சோதித்தல் அவசியம். வடித்த ஒயிலை மண்ணில் ஊற்றுவது குடிநீருக்கே கேடாய் முடியும்.

கராஜில் விடும் அன்பர்கள், பழைய ஒயிலைத் தமக்குக் காட்டிய பின்னரே கொட்டும்படி கேட்டல் நன்று. மரக்கறி ஏற்றிச் சந்தைக்குச் செல்லும் கமக்காரருக்கு அவ்வண்டியே குடும்பத்தின் சோறு. சில லீற்றர் ஒயிலைப் பாராது விட்டவர், பின்னர் பற்சக்கரத் தொகுதி முழுவதற்கும் பணம் தேடவேண்டும். ஓடும்போதே அச்சு இறுகிச் சில்லுகள் நின்றுவிட்டாலோ, இழப்பு பணத்தோடு நில்லாது.