அவளுக்குச் சம்பளச் சீட்டு, அவனுக்கு ரொக்கக் கூலி

பனியன் கம்பெனி இருக்கும் வரை திருப்பூரில் ஒரு பெண் எப்படியும் பிழைத்துக்கொள்வாள் என்று, கணவன் மனைவி பிரிவைப் பேசித் தீர்க்க உட்காரும் பெரியவர்கள் சொல்வதுண்டு. செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுதல் என்று ஏதாவது வேலை கிடைத்துவிடும்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில் குடும்பம் ஓடியது, வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்ததால்.

பிரிந்த பிறகு லைன் வீட்டு வாடகை பாதியாகிவிடாது. ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை நின்றால்தான் கட்டுபடியாகும். பள்ளி விட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது? தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவளுக்குப் பக்கத்தில் தாயும் இல்லை, தங்கையும் இல்லை. மாலையிலேயே வீடு திரும்பிவிடுகிறாள். கணவனின் வருமானம் போவதோடு அவளுடைய வருமானமும் சுருங்குகிறது. இந்த இரண்டாவது இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனால் இன்னொரு அநியாயம். பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு உண்டு; அவள் வருமானம் காகிதத்தில் இருக்கிறது. காண்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் கணவன் வாங்குவதோ ரொக்கம். வேலையே இல்லை என்று அவன் சொன்னால் மறுக்க அவளிடம் என்ன ஆதாரம்?

சட்டம் அவள் பக்கம்தான் இருக்கிறது. ஜீவனாம்சத்துக்கு இருந்த மாதம் 500 ரூபாய் உச்சவரம்பு 2001-ல் நீக்கப்பட்டது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இருவரும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது. மனைவி சம்பாதிக்கிறாள் என்பதே ஜீவனாம்சத்துக்குத் தடையாகாது என்றும் சொன்னது. ஆனால் சீட்டே இல்லாத கூலியைப் பிரமாணப் பத்திரம் எப்படி வெளியே கொண்டுவரும்?

அரசின் ஆதரவற்ற பெண்கள் ஓய்வூதியத்துக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். விவாகரத்தோ பிரிவுச் சான்றோ பெறாதவள், கணவன் கைவிட்டு 5 ஆண்டுகள் ஆனதாகக் காட்ட வேண்டும். 25 வயதில் கைக்குழந்தையோடு நிற்பவளுக்கு உதவி தேவைப்படுவது முதல் மாதத்தில். இந்த விதியைத் தளர்த்துவதில் அரசுக்கு என்ன தயக்கம்?

ஜீவனாம்சத்துக்கு வழி திருப்பூரிலேயே இருக்கிறது. முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பேசிக் கையெழுத்திடும் ஊதிய ஒப்பந்தத்தில் டெய்லருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் கூலி எழுதப்பட்டிருக்கிறது. வருமானத்தை மறைக்கும் கணவன் அந்தக் கூலியாவது வாங்குகிறான் என்று வைத்து இடைக்கால ஜீவனாம்சத்தை நிர்ணயிக்கலாம். இல்லையென்றால் அவன் நிரூபிக்கட்டும். ஒப்பந்தத்துக்காகப் போராடிய தொழிற்சங்கங்கள் அதன் நகலோடு இந்தப் பெண்களுக்குத் துணையாகக் குடும்ப நீதிமன்றத்துக்கும் வர வேண்டும்.