ஆம்பூர் முதியோருக்கு ஓர் ஆயுள் அட்டை

அமெரிக்காவில் 62 வயது நிரம்பிய குடிமக்களும், அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களும் ஒரே ஒரு முறை 80 டாலர் கட்டி ஓர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு உயிரோடு இருக்கும் வரை எந்தத் தேசியப் பூங்காவிலும் அவர்கள் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யோசமிட்டி போன்ற பெயர் பெற்ற இடங்களோடு, அந்நாட்டு மத்திய அரசின் கையில் உள்ள காடுகள், ஏரிகள், சரணாலயங்கள் என்று 2000க்கும் மேற்பட்ட இடங்களில் இந்த அட்டை செல்லும். மகன் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் போகும் அப்பா அம்மாக்களுக்கு இது கிடையாது. கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு உண்டு.

இதற்கும் ஆம்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஒரு தேசியப் பூங்கா கூட இல்லை. தமிழ்நாட்டில் உள்ளவையே மொத்தம் ஐந்துதான்: கிண்டி, முதுமலை, முக்குர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. இவற்றில் ஆம்பூருக்குப் பக்கத்தில் இருப்பது கிண்டி. அதுவும் சென்னை நகரத்துக்குள் மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காடு. ஆனால் தோல் தொழில் நடக்கும் இந்த ஊர்களைச் சுற்றி மலைகளுக்குப் பஞ்சமில்லை. ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் நின்றாலே ஏலகிரி தெரியும். வேலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி காடும் அங்கே ஒரு சிறிய உயிரியல் பூங்காவும் இருக்கின்றன. கேள்வி என்னவென்றால், இவற்றையெல்லாம் வாழ்நாள் முழுக்கத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த மனிதர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகாவது அங்கே போய் வர முடிகிறதா என்பதுதான்.

யார் இந்த மனிதர்கள்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் முப்பது நாற்பது வருடம் உழைத்தவர்கள். இவர்களில் மூத்த தலைமுறை, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தைப் பார்த்தது. அந்தக் கடுக்காய் விளைவது ஜவ்வாது மலை மாதிரியான காடுகளில்தான்! 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்த பிறகு, முழுதாகப் பதனிட்ட தோல், ஷூ அப்பர், ஷூ என்று தொழில் மாறியது. குரோமியம் உப்பு எங்கும் பரவியது. டிரம்மிலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஆண்கள் நின்றார்கள். தையல் மிஷின்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

58 வயதில் கம்பெனி கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறது. பி.எஃப். பிடித்தவர்களுக்கு அதன்பின் ஓய்வூதியம் வரும். அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குப் போனவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. மாநில அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் 1200 ரூபாய். இந்தப் பணத்தில் மாத்திரை வாங்கலாம், பேரனுக்கு பிஸ்கட் வாங்கலாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் பயணம் தவிர வேறு பயணம் போவது பெரிய ஆசைதான்.

"வயதானவர்களுக்குத்தான் சலுகைகள் இருக்கின்றனவே" என்று சொல்பவர்கள் உண்டு. இந்தியாவில் முதியோருக்குக் கிடைத்த பயணச் சலுகைகளிலேயே பெரியது ரயில் கட்டணச் சலுகை. 60 வயது தாண்டிய ஆண்களுக்குக் கட்டணத்தில் 40 சதவீதமும், 58 வயது தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் குறைத்தார்கள். ஆம்பூரிலிருந்து திருப்பதிக்கோ, சென்னைக்கோ, பெங்களூருக்கோ போய் வர இந்தப் பாதிக் கட்டணம் எவ்வளவு உதவியது என்பதை அந்த வயதுக்காரர்களைக் கேட்டால்தான் தெரியும். 2020 மார்ச் 20 அன்று அது நிறுத்தப்பட்டது. கொரோனா காலத்தில் முதியவர்கள் தேவையில்லாமல் பயணம் செய்யக் கூடாது என்பது அப்போது சொன்ன காரணம். அன்றைக்கு அது நியாயமான காரணம்தான். கொரோனா போனது. ரயில்கள் எல்லாம் வழக்கம் போல் ஓடத் தொடங்கின. சலுகை மட்டும் திரும்பவில்லை. படுக்கை வகுப்புக்கும் மூன்றாம் ஏ.சி.க்குமாவது மீண்டும் தரலாமே என்று நாடாளுமன்ற நிலைக்குழு சொல்லிப் பார்த்தது. ஒவ்வொரு பயணிக்கும் ஏற்கனவே சராசரியாக 46 சதவீதம் மானியம் போகிறது என்பது அரசின் பதில். 2025லும் அதே பதில்தான்.

முதியோருக்கென்று தனியாக இருந்த ஒன்றைக் கேட்டால், எல்லோருக்கும் பொதுவாக இருப்பதைக் காட்டுகிறார்கள்!

இப்போது மறுபடி அமெரிக்க அட்டைக்கு வரலாம். அது என்றைக்குமே 80 டாலராக இருந்ததில்லை. 1970களில் "கோல்டன் ஏஜ் பாஸ்போர்ட்" என்ற பெயரில் தொடங்கியபோது இலவசம். பிறகு 10 டாலர் ஆக்கினார்கள். பல வருடங்கள் அந்த விலையே இருந்தது. பூங்காக்களில் சாலை, கழிப்பறை, கட்டடப் பராமரிப்பு என்று செய்யாமல் தள்ளிப்போட்ட வேலைகளின் மதிப்பு 1200 கோடி டாலரை நெருங்கியபோது, 2016ல் அந்நாட்டு காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. அதன்படி 2017 ஆகஸ்டு 28 முதல் ஆயுள் அட்டையின் விலை 80 டாலர் ஆனது. ஒரே நாளில் எட்டு மடங்கு! அதற்கு முந்தைய வாரங்களில் 10 டாலருக்கே வாங்கிவிட வேண்டும் என்று முதியவர்கள் போட்டி போட்டார்கள். மொத்தமாக 80 டாலர் கொடுக்க முடியாதவர்கள் வருடத்துக்கு 20 டாலர் கட்டி, அப்படி நான்கு வருட அட்டைகள் சேர்ந்ததும் ஆயுள் அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய கோல்டன் ஏஜ் அட்டை வைத்திருந்தவரையும், 10 டாலருக்கு வாங்கி வைத்திருந்தவரையும் யாரும் தொடவில்லை. ஆயுளுக்கு என்று எழுதிக் கொடுத்தது ஆயுளுக்குச் செல்லும். அரசுக்குப் பணம் தேவைப்பட்டபோது புதிதாக வாங்க வருபவரிடம்தான் கூடுதலாகக் கேட்டது. இங்கே ரயில் சலுகை யார் கையிலும் அட்டையாக இல்லை. அது ரயில்வேயின் உத்தரவுக் கோப்பில் இருந்தது. கோப்பில் ஒரு வரியை மாற்றியதும் நாடு முழுவதும் கோடிக்கணக்கான முதியவர்களுக்கு ஒரே நாளில் போய்விட்டது. 70 வயதில் இருந்த ஒருவர் அதைத் தன் வாழ்நாள் உரிமை என்று நினைத்திருந்தால், அதைக் காட்டி வாதாட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. ஆகவே தமிழ்நாட்டில் முதியோருக்கு ஏதாவது செய்வதாக இருந்தால், வாசலில் வயதைக் காட்டிக் கேட்டு வாங்கும் தள்ளுபடியாக அதைச் செய்யாமல், பெயரும் படமும் போட்ட ஆயுள் அட்டையாகக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

சலுகைகள் ஆளுக்கொரு விதமாக இருப்பதும் பெரிய குழப்பம். தொல்லியல் துறையின் கட்டணம் உள்ள நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். மாமல்லபுரத்துக்குப் பேரனோடு போகும் தாத்தா முழுக் கட்டணம் கட்ட வேண்டும். பெங்களூரு பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவில் மூத்த குடிமக்களுக்குக் குறைந்த கட்டணம். சென்னை மாநகரப் பேருந்தில் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன்கள் கொடுக்கும் திட்டம் 2016ல் வந்தது. சென்னையைத் தாண்டினால் அது கிடையாது. பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் இலவசப் பயணம் வந்தது. ஷூ கம்பெனியில் தைத்து ஓய்ந்த பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வெளியூர்ப் பேருந்துக்கும் எக்ஸ்பிரஸுக்கும் அது செல்லாது. அவர்களோடு வேலை பார்த்த ஆண்களுக்கோ எதிலுமே இல்லை. எந்த ஊரில், எந்த வாசலில், எந்த வயதுக்கு என்ன சலுகை என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கே ஒரு பட்டப் படிப்பு வைக்க வேண்டும் போலிருக்கிறது.

அப்படியானால் அமெரிக்க அட்டையை அப்படியே காப்பி அடித்துவிடலாமா? கூடாது. அங்கே எல்லோரிடமும் கார் இருக்கிறது. பூங்கா வாசல் வரை வந்துவிடுகிறார்கள், வாசலில்தான் செலவு. இங்கே வாசலில் கேட்கும் காசு சின்னது. அந்த வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குத்தான் செலவாகிறது. ஏலகிரிக்கு ஏற வேண்டுமானால் 14 கொண்டை ஊசி வளைவுகள். மூட்டு வலி வந்த ஒரு டேனரித் தொழிலாளி அதில் நடந்தா போவார்? பேருந்தில் இடம் இல்லாமல் பூங்காவில் மட்டும் இலவசம் என்று அட்டை அடித்தால், அது கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சலுகையாக முடியும். தோல் கம்பெனி முதலாளியும் 60 வயதில் அதே அட்டையைக் காட்டி உள்ளே போவார், டிரம்மில் தோல் புரட்டியவர் அடிவாரத்தோடு திரும்பிவிடுவார். எனவே பேருந்துப் பயணமும் நுழைவும் ஒரே அட்டையில் இருக்க வேண்டும். முதலாளி அந்தப் பேருந்தில் ஏறப் போவதில்லை என்பதால் அவரைத் தனியாக வடிகட்டும் வேலையும் மிச்சம்.

அமெரிக்க அட்டையிலிருந்து கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று, துணைக்கு வருபவரைப் பற்றிய விதி. ஆளுக்கு ஆள் கட்டணம் வாங்கும் பூங்காக்களில் அட்டைக்காரரோடு இன்னும் மூன்று பெரியவர்கள் அதே அட்டையில் உள்ளே போகலாம். இங்கே மூன்று பேர் வேண்டாம், ஒருவர் போதும். கண் சரியாகத் தெரியாத அம்மாவை மகள் கைப்பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். மகளுக்கு முழுக் கட்டணம் என்றால் அம்மாவின் அட்டை பீரோவுக்குள்ளேயே இருக்கும்.

வயதை 58 என்று வைப்பதுதான் சரி. 2007ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டம் 60 என்கிறது. ஆனால் கம்பெனி வேலையை விட்டு அனுப்புவது 58ல். உடம்பில் தெம்பு மிச்சம் இருப்பதும் அந்த வயதில்தான். இரண்டு வருடம் வீட்டில் உட்கார வைத்து, முழங்கால் தேய்ந்த பிறகு மலைக்குப் போகச் சொல்வதில் என்ன நியாயம்? வயதுக்கு அத்தாட்சி கேட்பதிலும் கொஞ்சம் தாராளம் வேண்டும். அந்தத் தலைமுறையில் பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆதாரில் உத்தேசமாக எழுதிய வயது ஒன்று, பி.எஃப். கணக்கில் வேறொன்று என்று இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதை ஏற்றுக்கொண்டால் அரசாங்கம் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஏற்கனவே இவர்கள் 1000 ரூபாய் ஓய்வூதியத்துக்காக வருடா வருடம் கைரேகை வைத்துத் தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த அட்டைக்காவது ஒரு முறை நிரூபித்தால் போதும் என்று இருக்கட்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. வனத்துறைக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் பணம் மரத்தில் காய்ப்பதில்லை. போக்குவரத்துக் கழகங்கள் பல காலமாக நஷ்டத்தில் ஓடுகின்றன. முற்றிலும் இலவசம் என்றால் அடுத்த நிதி நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். ஆகவே 100 ரூபாயோ 200 ரூபாயோ ஒரு முறை வாங்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பிடுங்குவதற்கு எந்த அரசும் கொஞ்சம் யோசிக்கும். மீதிக்கு தமிழ்நாடு தொழிலாளர் நல நிதி இருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியும் முதலாளியும் அரசும் சேர்ந்து வருடந்தோறும் பணம் போடும் நிதி அது. தோல் தொழிலாளர்களின் காசும் அதில் இருக்கிறது. அவர்கள் ஓய்வு பெற்ற பின் மலைக்குப் போகும் பேருந்துக் கட்டணத்தை அதிலிருந்து ஈடுகட்டுவது தர்மம் செய்வதாகாது.

சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழியில்லாதவர்களுக்குப் பூங்கா எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்குப் பொழுதுபோக்க ஒரு காலத்தில் ஆறே இருந்தது. தோல் கழிவு அந்த ஆற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பது நீதிமன்றப் பதிவுகளிலேயே இருக்கிறது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் புகழ் பெற்ற தீர்ப்பைத் தந்தது. மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. நிலம் கெட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தத் தண்ணீருக்கும் காற்றுக்கும் மிக அருகில் நின்று வேலை செய்த தலைமுறை இதுதான். நல்ல காற்று வீசும் இடம் என்று இந்தப் பகுதியில் பாக்கி இருப்பது மலைகள்தான். அங்கே மாதம் ஒரு முறை போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவதை ஆடம்பரம் என்று சொல்வது கொஞ்சம் கல்நெஞ்சம்.

மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்றில்லை. அமிர்தியிலும் ஏலகிரியின் பூங்காக்களிலும் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். சனி, ஞாயிறு கூட்டத்தில் முதியவர்கள் இடிபட வேண்டாம். வார நாட்களில் காலையில் ஆம்பூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் ஒவ்வொரு பேருந்து, மாலையில் திரும்ப ஒன்று. உட்காருவதற்கு நிழலில் பெஞ்சும், குடிக்கத் தண்ணீரும், படிக்கட்டு இல்லாத கழிப்பறையும் இருக்கின்றனவா என்பதை மட்டும் அட்டையை அச்சடிக்கும் முன்பே யாராவது ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.