தேசிங்கு என்றொரு பெயர்

ராஜா தேசிங்கின் கதையை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. ஆனால் தன் பிள்ளைக்குத் தேசிங்கு என்று பெயரிட்ட குடும்பம் அதனினும் அரிது. செஞ்சிச் சீமையிலேகூட ராஜாக்களும் ராஜேந்திரன்களும் மலிந்திருக்க, தேசிங்கு மட்டும் தேடித்தான் கிடைப்பான். ‘கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்’ என்னும் 2020-ஆம் வருஷத்துப் படத்தை இயக்கிய தேசிங்கு பெரியசாமியின் பெயர் திரையில் வந்தபோது, பலர் அதைப் புனைபெயர் என்றே எண்ணியிருப்பார்கள்.

இது தமிழ்ப் பெயர்தானா? பிறப்பால் அன்று. செஞ்சிக் கோட்டைத் தலைவனான ஸ்வரூப் சிங்கின் மகன் தேஜ் சிங், பந்தேல்கண்டத்து ராஜபுத்திரன். 1714-ஆம் வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதி, ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் சேனையோடு பொருது மடிந்தான். வயது இருபத்திரண்டு என்பர். வடக்கிலிருந்து வந்த அந்த வாலிபன் இங்கு வாழ்ந்ததோ சொற்ப காலம். அவனைத் தமிழனாக்கியது நாட்டுப்புறக் கதைப்பாட்டு.

அந்த மாற்றத்தைச் சற்றே கவனியுங்கள். தமிழ்ச் சொல் ‘ஜ்’ என்றோ ‘ங்’ என்றோ முடிவதில்லை. ஆகவே நடுவிலிருந்த ‘ஜ்’ அடுத்து வந்த ‘சி’யோடு கலந்து மறைந்தது; கடைசி ‘ங்’ ஒரு ‘கு’வைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. தேஜ் சிங், தேசிங்கு ஆனான். பொருளும் கெடவில்லை. தேஜஸ் தமிழில் தேசு, ஸிம்ஹம் சிங்கம். அவனுடைய உயிர் நண்பன் மகபத் கானையோ பாட்டு ‘மோவுத்துக்காரன்’ என்று ஆக்கிவிட்டது. கான், காரனான விந்தையை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது! அவன் மனைவியின் நினைவாக எழுந்ததென்று சொல்லப்படும் இராணிப்பேட்டையிலோ அவள் பெயரே இல்லை. பட்டம் மட்டுமே நிற்கிறது.

இதைக் கொச்சை என்று தள்ளுவோர் செஞ்சியின் பெயரையே பார்க்கட்டும். பீஜப்பூரார் அதற்குப் பாதுஷாபாத் என்று பெயர் சூட்டினர். 1698-இல் கோட்டையைப் பிடித்த மொகலாயத் தளபதி சுல்பிகார் கானின் ‘நுஸ்ரத் ஜங்’ என்ற பட்டத்தையொட்டி நுஸ்ரத்கட் என்று பெயர் மாறிற்று. இரண்டும் அரசாங்கத்துப் பெயர்கள், இரண்டும் ஒழிந்தன. ஜனங்கள் வாயில் வழங்கிய செஞ்சியே நிலைத்தது. தேசிங்கும் அவ்வாறு நிலைத்தவனே.

தொல்லை எல்லாம் எல்லை தாண்டும்போதுதான். தமிழரிடம், “செஞ்சி ராஜா பெயர்” என்றால் போதும். தொலைபேசியில் தெரியாதவரிடம், “தேனுக்குத் தே, சிங்கத்துக்குச் சிங், கடைசியில் கு” எனலாம். வடநாட்டாரிடம் இவை பயன்படா. “தேஜ் சிங் என்பதன் தமிழ் உருவம்” என்றால் முகம் மலர்ந்து புரிந்துகொள்வார்கள். ரோமன் எழுத்திலோ பெருங்குழப்பம். முதலெழுத்துத் ‘தலை’யின் ஒலிக்குரியதா, ‘தேவ’னின் ஒலிக்குரியதா? முன்னதானால், அதன் பின் ‘எச்’ வேண்டுமா? முடிவு சிங், சிங்ஹ், சிங்கு இவற்றில் எது? மூன்றை மூன்றால் பெருக்க ஒன்பது வடிவங்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று, கடவுச்சீட்டில் மற்றொன்று என்றால் ஒரே ஆள் மூவராகிவிடுவான்.

2025-ஆம் வருஷம் ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. இனி அயலார் மிகுதியாக வருவர். அவர்கள் படிக்கும் சரித்திரத்தில் ‘தேஜ் சிங்’ இருப்பான். வழிகாட்டும் சிறுவன் ‘தேசிங்கு’ என்பான். இருவரும் ஒருவனே என்று யார் சொல்வது? பலகைகளிலும் பாடப் புத்தகங்களிலும் இரு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது பெரிய செலவன்று. சுத்தம் செய்கிறோம் என்று தேசிங்கை அழித்துத் தேஜ் சிங்கை மட்டும் வைப்பதை நான் ஒப்பேன்.

தேசிங்கு என்று பெயரிட விரும்பும் பெற்றோர், அந்த ஒன்பதில் ஒன்றைப் பிறப்புச் சான்றிதழ் எழுதும் அன்றே தீர்மானித்துக்கொள்க. ‘கு’வை விடாதிருந்தால் பாட்டிமார்கள் மகிழ்வார்கள்.