நிரந்தர வேலையும் நவீன கங்காணிகளும்

சென்ற சிறுபோக அறுவடை முடிந்த கையோடு நற்பிட்டிமுனை இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கட்டுநாயக்கா பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு மாதம் உழைத்தவர். ஒருநாட் காலை வாயிற்காவலர் அவரை உள்ளே விடவில்லை. தொழிற்சாலையாரைக் கேட்டார், “நீர் எமது ஆள் அல்லர், உம்மை அனுப்பிய கம்பெனியைக் கேளும்” என்றனர். கம்பெனியாரைக் கேட்டார், “அங்கே இடமில்லையென்றால் நாம் என் செய்வோம்?” என்றனர். கையிலிருந்த ஒப்பந்தத் தாள் சிங்களத்தில் இருந்தது. தாம் எதற்குக் கையொப்பமிட்டோம் என்பதை அவர் முதன்முதலாக அறிந்தது நமது மேசைக்கு முன்னாலேதான்.

பதினான்கு மாதம் உழைத்தவருக்கு முதலாளி யார்? நமது பகுதியில் போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் பிணக்கு வந்ததுண்டு. ஆனால் யாருடைய வயலில் யார் உழைத்தார் என்பதில் பிணக்கு வந்ததில்லை. இன்றோ அந்த முதற்கேள்விக்கே விடையில்லாத ஒரு வேலைமுறை நாடெங்கும் பரவிவிட்டது. அதற்குச் சனங்கள் வழங்கும் பெயர் ‘மேன்பவர்’.

இவ்வழியே செல்லும் இளைஞரை நாம் குறைகூறோம். அறுவடை இயந்திரம் வந்தபின் வெட்டுக்கூலி வேலை அருகிவிட்டது. படித்த பிள்ளை அரசாங்க உத்தியோகத்தை எதிர்பார்த்து ஆண்டுகளைக் கழிக்கிறது. இந்நிலையில் ஒருவர் வந்து, “முதலில் எம்மூலம் சேருங்கள், ஆறு மாதத்தில் நிரந்தரமாக்குவார்கள்” என்றால் எந்தத் தாய் தந்தையர் மறுப்பர்? அறிமுகமற்ற ஊரில் தொழிற்சாலை வாயிலைத் திறந்துவிடும் உதவி சிறிதன்று. அவ்வழியே சென்று நிரந்தரமானவர் சிலரை நாமும் அறிவோம். ஆயினும் சிலர் கரையேறினர் என்பதற்காகத் தோணியில் ஓட்டை இல்லையென்று கூறிவிடலாமா?

கலியாணத் தரகர் முடிச்சுப் போட்ட அன்று தரகுக் காசை வாங்கிக்கொண்டு தம் வழியே போய்விடுவார். முடிச்சு விழுவதிலேதான் அவருக்கு இலாபம். மேன்பவர்க் கம்பெனியோ, தலையொன்றுக்கு இவ்வளவு என்று வேலைசெய்யும் நாளெல்லாம் தொழிற்சாலையிடம் பணம் பெறுகிறது. அதில் ஒரு பங்கைத் தான் வைத்துக்கொண்டு மிகுதியைக் கூலியாக வழங்குகிறது. தொழிலாளி நிரந்தரமாகும் அன்று அந்தப் பங்கு நின்றுபோம். முடிச்சு விழாதிருக்கும்வரை காசு பெறும் தரகர் முடிச்சுப் போட முந்துவாரா? இது தனிமனிதரின் நேர்மை பற்றிய கேள்வியன்று. முறையின் கணக்கு அப்படி.

இக்கணக்கு இலங்கைத் தமிழுலகுக்குப் புதிதன்று. மலைநாட்டுத் தோட்டங்களில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே கங்காணி நின்றார். ஆள்கட்டி வந்தவரும், முற்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவரும், வேலைக்கு வந்த தலைகளை எண்ணித் துரையிடம் தலைக்காசு பெற்றவரும் அவரே. கடனைத் தீர்த்தால் இவ்வாட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுத்த தாளுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அத்துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. நூறாண்டு கடந்தும் தலைக்காசு வேறு பெயரில் வாழ்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் ஆண்டை நம்மவர் மறவார். அவ்வாண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கி நமது உத்தியோக வாயிலை அடைத்தது. அதே ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் கட்டணம் வாங்கும் வேலைத்தரகு நிலையங்களைக் கட்டுப்படுத்த எழுந்தது. இன்றைய கம்பெனியோ தொழிலாளியிடம் கட்டணம் கேட்பதில்லை. தொழிற்சாலையிடம் விலை பேசுகிறது. ஆகவே பழைய வேலி இப்புதிய மாட்டைத் தடுப்பதில்லை.

எனினும் கைவிரித்து நிற்க வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குச் சட்டம், ஆளை அமர்த்துபவரை மட்டுமன்றி, எவர் சார்பில் இன்னொருவர் ஆளை அமர்த்துகிறாரோ அவரையும் முதலாளி என்றே கொள்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாது அமர்த்திய முதலாளி, பன்னிரண்டு மாதத்துள் 180 நாள் வேலைசெய்தவரை, அவருடைய சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ இன்றி நீக்கலாகாது என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். இதனாலன்றோ, ஒரே இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு ஐந்து மாதம் ஒரு கம்பெனியின் பெயரும் அடுத்த ஐந்து மாதம் வேறொரு பெயரும் சூட்டப்படுகின்றன! நம்மிடம் வந்த இளைஞரின் தாள்களிலும் மூன்று பெயர்கள் இருந்தன.

பிற நாடுகளிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல், ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்ட இடத்தில் தொழிலாளர் மூல நிறுவனத்தின் ஊழியராவர் என்றது; 2001இல் இந்திய உருக்கு அதிகாரசபை வழக்கில் அத்தீர்ப்பை மாற்றியது. ஆனால் ஒப்பந்தம் வெறும் போர்வையென்று நிரூபித்தால் அவர் அந்நிறுவனத்தின் ஊழியரே என்பதை அப்போதும் விட்டுவைத்தது. பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டு விதிகள், பன்னிரண்டு வாரம் கடந்தால் தரகுவழித் தொழிலாளிக்கும் சமசம்பளம் என்றன. நமது நாட்டிலோ, 2016 டிசம்பரில் ஸ்ரீ லங்கா டெலிகொம் நிறுவனத்தின் மேன்பவர்த் தொழிலாளர் நிரந்தரம் கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2017 பிறந்த பின்னும் அவர்கள் தெருவிலேயே நிற்க நேர்ந்தது. சட்டம் நேர்வழி காட்டாத இடத்தில் மக்கள் தெருவுக்கு வருவதில் வியப்பென்ன?

ஆதலின் நாம் கேட்பவை மூன்று. முதலாவது, 180 நாள் ஒரே தொழிற்சாலையில் உழைத்தவர், இடையில் எத்தனை பெயர் மாறினும், அத்தொழிற்சாலையின் ஊழியரெனச் சட்டம் தெளிவாய்க் கூறவேண்டும். இரண்டாவது, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். சேமலாப நிதிக்குரிய பணத்தைக் கம்பெனி கட்டாவிடில் தொழிற்சாலையே கட்டவேண்டும். மூன்றாவது, ஒப்பந்தம் தொழிலாளியின் மொழியில் இருக்கவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. ஆனால் அது தனியார் ஒப்பந்தத்தைக் கட்டாது என்பர். அப்படியாயின் கட்டும்படி சட்டம் செய்யட்டும். வாசிக்கத் தெரியாத தாளில் இடும் கையொப்பம் சம்மதமாகுமா?

சட்டம் வரும்வரை நம்மவர் செய்யவேண்டியதும் உண்டு. புறப்படுமுன் முதலாளியின் பெயரையும், நிரந்தரமாக்கும் வாக்கையும் எழுத்தில் கேளுங்கள். எழுத மறுக்கும் வாக்கு வாக்கன்று. சம்பளச் சீட்டு, வாயில் அட்டை, சேமலாப நிதி இலக்கம் இம்மூன்றையும் காத்துவையுங்கள். உங்கள் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12, நம்பிக்கை நிதிக்கு அவர் கட்டவேண்டியது மேலும் 3. அவை சேர்கின்றனவா என்று பாருங்கள். நீக்கப்பட்டால் ஆறு மாதத்துள் தொழில் நியாயசபையில் மனுச்செய்யுங்கள். நம்மிடம் வந்த இளைஞர் ஐந்தாம் மாத முடிவில் வந்தார். இன்னும் சில வாரம் வயல்வேலையிலே நின்றிருந்தால் வழக்கே இல்லை. அவருடைய மனு பதிவாகியிருக்கிறது, முடிவு இனித்தான்.

நமது ஊர்களில் படித்தவருக்குப் பஞ்சமில்லை. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வாரத்தில் ஒரு மாலை வாசிகசாலையில் அமர்ந்து, கொழும்புக்குப் பஸ் ஏறப்போகும் பிள்ளைகளின் தாள்களை வாசித்துச் சொன்னாற் போதும். மேன்பவர்க்காரர் தமிழர் முஸ்லிம் என்று பார்த்துத் தலை எண்ணுவதில்லை. தமிழ் பேசும் மக்களாகிய நாமும் அப்படிப் பாராது ஒரே மேசையில் அமர்வோமாக. நற்பிட்டிமுனையிலேயே அதைத் தொடங்கலாம்.